தியோடலைட்டுக்கு அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வே (நில அளவை) படிக்கிற பசங்க காம்பஸ், டம்பி லெவல் (மேடு பள்ளம் பாக்குற கருவி) வரைக்கும் பேரப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தியோடலைட் வந்ததும் ஒவ்வொரு பேட்ச்லயும் யாராச்சும் ஒருத்தர் "சார் இது என்ன பேரு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு மொத்தமா இங்க எழுதி வச்சிட்டேன். பேரு பத்தின பக்கம் இது, கருவிய எப்படி செட் பண்றதுங்கறது இங்க வராது.

தியோடலைட்னா என்னனே எனக்குத் தெரியாது, அத முதல்ல சொல்லிடுங்களேன்?

கோணம் அளக்குற கருவி. ரோட்டோரமா மூணு காலு ஸ்டாண்ட் மேல ஒரு பெட்டி மாதிரி வச்சிட்டு ஒருத்தர் ஒத்தக் கண்ண மூடிட்டு பாத்துட்டு இருப்பாரே, அந்த வகையறாதான். இப்ப நீங்க பாக்குறது பெரும்பாலும் டோட்டல் ஸ்டேஷன், தியோடலைட்டோட தூரம் அளக்குற எலக்ட்ரானிக்ஸும் சேந்தது. பழைய தியோடலைட்ல ஒரு டெலஸ்கோப், படுக்கையா ஒரு வட்டம், நிமிந்தாப்ல ஒரு வட்டம், அவ்ளோதான். ரெண்டு இடத்துக்கு நடுவுல பக்கவாட்டுல எவ்ளோ கோணம், மேல கீழ எவ்ளோ கோணம், ரெண்டையும் படிச்சிக்கலாம்.

கோணம் மட்டும் தெரிஞ்சு என்ன பண்றதுன்னா, முக்கோணத்துல ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மிச்ச ரெண்டு பக்கத்த கணக்கு போட்டே எடுத்துடலாம். ஒரே ஒரு கோட்ட மட்டும் சங்கிலி போட்டு கவனமா அளந்துட்டு அதுக்கப்புறம் முக்கோணம் மேல முக்கோணமா கோணத்த வச்சே நாடு முழுக்கப் போயிடலாம்.

பேர்லயே 'தியோ'ன்னு இருக்கே, அப்ப கடவுள் சம்பந்தப்பட்ட வார்த்தையா?

இல்ல. அதிகமா வர்ற சந்தேகம் இதுதான், அதுக்கு நியாயமும் இருக்கு. தியாலஜி, தியோடர் மாதிரி பேரு எல்லாத்துலயும் முன்னாடி இருக்குற 'தியோ' கிரேக்கத்துல கடவுளக் குறிக்கிற 'தெயோஸ்'ல இருந்து வந்ததுதான். ஆனா காதுக்கு ஒண்ணா கேக்குதுங்கறதால எல்லா 'தியோ'வும் கடவுள் ஆயிடாது. 'தியரி'ங்கற வார்த்தையவே எடுத்துக்கங்க, அதுல கடவுள் கிடையாது, அது பாக்குறது, கவனிக்கிறதுங்கற அர்த்தத்துல இருந்து கிளம்பினது, 'தியேட்டர்'ரும் அதே குடும்பம்தான். சர்வே கருவி பேருல கடவுளப் போட யாருக்கும் காரணமும் இல்ல, அப்படிப் போட்டதுக்கு எழுத்துல எங்கயும் தடயமும் இல்ல.

சரி, அப்ப இந்த வார்த்தைய முதல்ல எழுதினது யாரு?

இங்கிலாந்துல லெனார்ட் டிக்ஸ்னு ஒருத்தர், 1500கள்ல வாழ்ந்தவரு. அவரோட 'பான்டோமெட்ரியா'ங்கற புத்தகம் 1571ல அச்சாச்சு, அதுலதான் 'தியோடெலிட்டஸ்'னு லத்தீன் சாயல்ல இந்தப் பேரு மொத மொதல்ல வருது. எழுத்த கவனிங்க, இப்ப இங்கிலீஷ்ல theodolite-னு எழுதும்போது d-க்கு அப்புறம் 'ஓ' வருது, ஆனா இந்தப் பழைய உருவத்துல அந்த இடத்துல 'ஓ' இல்ல, 'எ'தான் இருக்கு. பின்னாடி இந்த ஒத்த எழுத்து நமக்கு வேணும்.

டிக்ஸ் லேசுப்பட்ட ஆளு இல்ல. 1554ல ராணி மேரிக்கு எதிரா நடந்த வயட் கலகத்துல சேந்து மாட்டி, ராஜத்துரோகக் குத்தம் நிரூபணமாகி, தலை தப்பினது மன்னிப்பாலதான், சொத்துக்குப் பெரிய அபராதம் விழுந்துச்சு. 'பான்டோமெட்ரியா' அச்சுல வந்தப்ப அவரு உயிரோடயே இல்ல. மகன் தாமஸ் டிக்ஸ்தான் அப்பா எழுதி வச்சத முடிச்சு வெளியிட்டாரு, பூமிதான் சூரியனச் சுத்துதுன்னு கோபர்னிகஸ் சொன்னத இங்கிலாந்துல ஆங்கிலத்துல எடுத்துச் சொன்ன அதே தாமஸ் டிக்ஸ்தான் அவரு. ஆக பேர வச்சவரக் கூப்பிட்டு ஏன் இப்படி வச்சீங்கன்னு கேக்குற வாய்ப்பு புத்தகம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு, புத்தகத்துலயும் காரணம் எழுதல.

எங்க புக்ல கிரேக்க வார்த்தைன்னு போட்டிருக்கு, "பார்த்தல் + தெளிவு"ன்னு. அது தப்பா?

தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா உறுதின்னு போட்டிருந்தா அது அதிகப்படி. 'தெயாஓமாய்'னா கிரேக்கத்துல பாக்குறேன், 'டேலோஸ்'னா கண்ணுக்குத் தெளிவா தெரியறது. ரெண்டையும் ஒட்டினா 'தியோடெல்' வரைக்கும் வந்துடுது, பழைய எழுத்துல நடுவுல 'எ' இருக்குன்னு மேல சொன்னேன்ல, அது இந்த விளக்கத்துக்கு நல்லாவே பொருந்துது. ஆனா மிச்சம் 'இட்டஸ்'னு ஒரு வால் நிக்குதே, அதுக்கு இதுல பதில் இல்ல. இன்னொண்ணு, கிரேக்கம் ஒழுங்கா தெரிஞ்ச யாரும் இந்த ரெண்டையும் இந்த மாதிரி ஒட்ட மாட்டாங்க.

ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரிக்காரங்க இத நேர்மையா கையாண்டிருக்காங்கன்னு எனக்குத் தோணும். மூலம் தெரியலன்னுதான் முதல்ல சொல்லுவாங்க, அதுக்கப்புறம் ஒரு கேள்வியாதான் இந்த விளக்கத்த வைப்பாங்க: புதுசா ஒரு கருவி கண்டுபிடிச்சிட்டு அதுக்குப் பகட்டா ஒரு பேரு வேணும்னு கிரேக்கத்த அரைகுறையா ஒட்டி, கடைசில அர்த்தமே இல்லாத ஒரு விகுதியப் போட்டிருப்பாங்களோன்னு. அதாவது பண்டிதர் வேலை இல்ல, மார்க்கெட்டிங் வேலையா இருக்கலாம்னு. நம்ம கைடு புக்குல அந்தக் கேள்விக்குறி மட்டும் காணாமப் போயிடுச்சு.

நீளம்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தைல இருந்து வந்ததா இன்னொரு இடத்துல படிச்சேன். அது வேறயா?

வேறதான். 'டோலிகோஸ்'னா கிரேக்கத்துல நீளமான. பழைய அகராதிகள்ல முன்னாடி ஓடுறதோ பாக்குறதோ ஒரு வினைச்சொல்லப் போட்டு, பின்னாடி இந்த 'டோலிகோஸ்'ஸப் போட்டு மூலம் காட்டுவாங்க. அமெரிக்க வெப்ஸ்டரோட 1828 அகராதியும் இந்த ரகம்தான்.

இது எனக்குப் பிடிக்கல. காரணம் அந்த ஒத்த எழுத்துதான். 'டோலி'க்கு நடுவுல 'ஓ' வேணும், ஆனா 1571ல இருந்தது 'டெலி'. இப்ப நம்ம எழுதுற உருவத்த வச்சு பின்னோக்கிப் போய் மூலம் தேடினா இப்படித்தான் ஆகும், 'ஓ' பிற்பாடு வந்து ஒட்டினது.

அரபு மூலம்னு ஒரு சீனியர் அடிச்சு சொல்றாரு. அரபுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கலாம், சுவாரஸ்யமான வாதம்தான் இது. கோணம் அளக்குற வட்டத்து மேல சுத்துற ஒரு பட்டை இருக்கும், ரெண்டு முனையிலயும் பாக்குறதுக்கு ஓட்டை வச்சிருக்கும், அதுக்குப் பேரு அலிடேட். அது அரபு 'அல்-இதாதா'வுல இருந்து ஐரோப்பாவுக்குப் போன சொல், நட்சத்திரத்தோட உயரம் பாக்குற அஸ்ட்ரோலேப் கருவியோட சேந்தே போச்சு. இங்கிலீஷ்காரன் வாயில அலிடேட் கன்னாபின்னான்னு மாறுச்சு. வில்லியம் போர்ன்னு ஒருத்தர் 1578ல எழுதின புத்தகத்துல 'அதெலிடா'ன்னு ஒரு உருவம் வருது. அதப் பிடிச்சிக்கிட்டு, அலிடேட் திரிஞ்சு அதெலிடா ஆகி அதுக்கு லத்தீன் சட்டை மாட்டினதும் தியோடெலிட்டஸ் ஆயிடுச்சுன்னு 1846ல அகஸ்டஸ் டி மார்கன் சொன்னாரு. ஆமா, லாஜிக் பாடத்துல 'டி மார்கன் விதி'ன்னு வருமே அதே ஆளு. நம்ம ஊருக்கு இதுல ஒரு சின்னப் பெருமை, மனுஷன் பொறந்தது மதுரையில, 1806ல, கைக்குழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

வேற ஒரு வடிவமும் சுத்துது, இங்கிலீஷ்ல 'தி அலிடேட்'னு சேத்துச் சொல்லிச் சொல்லி முன்னாடி இருக்குற 'தி'யும் வார்த்தையோட ஒட்டிக்கிச்சுன்னு. சொல்லிப் பாத்தா உங்களுக்கே நம்பத் தோணும்.

அப்ப அதுதானே கரெக்ட்? நல்லா பொருந்துதே. ஏன் ஏத்துக்க மாட்டேங்கறாங்க?

மூணு இடத்துல இடிக்குது. ஒண்ணு, காலம். போர்னோட 'அதெலிடா' 1578, டிக்ஸோட 'தியோடெலிட்டஸ்' அச்சானது அதுக்கு 7 வருஷம் முன்னாடி, எழுதினது அதுக்கும் முன்னாடி. பின்னாடி கிடைச்ச உருவத்த முன்னாடி உள்ளதுக்கு அம்மாவாக்கணும்னா நடுவுல யாரோ பேசிட்டு இருந்தாங்கன்னு அனுமானம் பண்ணியாகணும். ரெண்டு, பொருள். அலிடேட்ங்கறது அந்த சுத்துற பட்டை மட்டும். டிக்ஸ் தியோடெலிட்டஸ்னு சொல்றது 360 டிகிரியா பிரிச்ச முழு வட்டத்த, இல்லன்னா 180 பாகம் போட்ட அரைவட்டத்த. உறுப்போட பேரு முழுக் கருவிக்கும் ஏறுறது உலகத்துல நடக்காதது இல்ல, ஆனா இங்க நடந்துச்சுன்னு காட்ட ஆதாரம் வேணும்ல. மூணு, 'தி' ஒட்டிக்கிச்சுங்கற கதைல ஒரு படிச்ச மனுஷன் தன் புத்தகத்துல லத்தீன் விகுதியோட வார்த்தைய எழுதும்போது அதுல தன் தாய்மொழியோட 'தி' ஒட்டிருக்கறது கூடத் தெரியாம எழுதிருக்கணும்.

அதனால அரபு வழி செத்த வாதம் இல்ல, கிரேக்க வழியவிட மோசமும் இல்ல. ரெண்டுல எது பக்கம் சாய்வீங்கன்னு என்னைக் கேட்டா, மேல சொன்ன அரைகுறைக் கிரேக்கம் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன், ஏன்னா அதே ஆளு புத்தகத்துக்கு வச்ச பேரப் பாருங்க, 'பான்டோமெட்ரியா', எல்லாத்தையும் அளக்குறதுன்னு கிரேக்கத்துலதான் வச்சிருக்காரு. கிரேக்கப் பேரு மேல ஆசை அந்த வீட்டுல இருந்துருக்கு. இது என் ஊகம்தான், மார்க்குக்கு எழுதாதீங்க.

கடைசில 'லைட்'னு இருக்கே, வெளிச்சமா? இல்ல மீட்டியோரைட், கிராஃபைட் மாதிரி கல்லா?

ரெண்டும் இல்ல. மூணாவது கேள்வியில சொன்ன பழைய உருவத்துல 'இட்டஸ்'னுதான் முடியுது, அந்த லத்தீன் வாலை வெட்டி இங்கிலீஷ் பேச்சுக்கு ஏத்த மாதிரி எழுதினதுல 'லைட்' மாதிரி கேக்குது, அவ்ளோதான்.

தெர்மாமீட்டர், பாரோமீட்டர் எல்லாம் 'மீட்டர்'னு முடியுது. இது மட்டும் ஏன் தனியா நிக்குது?

வயசுதான் காரணம். 'மீட்டர்'னு வால் வைக்கிற பழக்கம் 1600கள்ல சூடு பிடிச்சது. தெர்மாமீட்டர்ங்கற சொல் பிரெஞ்சுல 1620கள்ல வருது, பாரோமீட்டர்ங்கற பேரு 1660கள்ல ராபர்ட் பாயில் மூலமா பரவுது. அதுக்கப்புறம் புதுசா எது வந்தாலும் கிரேக்கத்துல ஒரு சொல்லு, கூட ஒரு மீட்டர், ஃபார்முலா மாதிரி ஆயிடுச்சு. தியோடலைட் இந்த ஃபார்முலாவுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. அப்ப கருவிப் பேருக்கு ஒரு வரைமுறையும் கிடையாது, கண்டுபிடிச்சவன் வாயில வந்தது பேரு.

டிக்ஸ் சொன்ன தியோடலைட்டும் நாங்க லேப்ல பாக்குறதும் ஒண்ணா?

பேரு மட்டும்தான் ஒண்ணு. டிக்ஸோடதுல டெலஸ்கோப் கிடையாது, ஏன்னா டெலஸ்கோப்பே 1608லதான் வெளிய தெரியுது. வட்டம், அதுக்கு மேல பாக்குற ஓட்டையோட ஒரு பட்டை, முதுகுல ஒரு ஸ்க்ரூ, அத ஒரு கம்போட தலையில மாட்டிக்கணும். முக்கியமா அது படுக்கைக் கோணம் மட்டும் அளக்குறது. படுக்கையும் நிமிந்ததும் சேத்து அளக்குற கருவி அதே புத்தகத்துல தனியா இருக்கு, அதுக்கு அவரு வச்ச பேரு 'டோபோகிராஃபிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்'. நியாயமா பாத்தா இன்னிக்கு நம்ம லேப்ல இருக்குறதோட தாத்தா அதுதான். ஆனா பேரு இடம் மாறி, ரெண்டு கோணமும் அளக்குற கருவி தியோடலைட் ஆயிடுச்சு, அந்த நீளப் பேரு காணாமப் போச்சு.

1720கள்ல லண்டன்ல ஜோனதன் சிஸன் டெலஸ்கோப் மாட்டினாரு. 1787ல ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 36 இஞ்ச் வட்டத்தோட ஒரு ராட்சசன செஞ்சு குடுத்தாரு, கிரீனிச்சையும் பாரிஸையும் முக்கோணத்தால இணைக்கிற வேலைக்கு. அதுல இருந்துதான் தியோடலைட்னாலே நுணுக்கம்னு ஆச்சு.

டிரான்சிட்டும் தியோடலைட்டும் ஒண்ணுதானா? சில புக்ல 'டிரான்சிட் தியோடலைட்'னு சேத்து வேற போட்டிருக்கு.

டெலஸ்கோப் தன் அச்சுல முழுசா பல்டி அடிச்சு பின்பக்கம் பாக்க முடிஞ்சா அது டிரான்சிட் வகை. லத்தீன்ல கடந்து போறதுங்கற சொல்லுதான் மூலம், இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல 1831ல பிலடெல்ஃபியாவுல வில்லியம் யங் செஞ்சதுக்கப்புறம் அங்க சுருக்கி 'டிரான்சிட்'னே சொல்லிட்டாங்க. நம்ம ஊரு சிலபஸ் பிரிட்டிஷ் வழி வந்ததால சேத்துப் போட்டிருக்கும்.

வெர்னியர்னு ஒண்ணு படிக்கிறோமே, அதுவும் இந்த மாதிரி மூலம் தெரியாத வார்த்தையா?

வெர்னியர்னா ரெண்டு கோட்டுக்கு நடுவுல விழுற அளவையும் படிக்கிறதுக்கு வட்டத்தோட பக்கத்துல ஒட்டி நகர்ற சின்ன அளவுகோல். பேரு ரொம்ப ஈஸி, ஆளு பேரு. பியர் வெர்னியர், பிரெஞ்சு மொழி பேசுறவரு, 1631ல அந்த அளவுகோல விளக்கி ஒரு புத்தகம் போட்டாரு. அதுக்கு முன்னாடி போர்ச்சுகல்ல பெத்ரோ நூனஸ்னு ஒருத்தர் இதே பிரச்சினைக்கு வேற வழி சொல்லிருந்தாரு, அவரு பேர லத்தீன்ல நோனியஸ்னு எழுதுவாங்க. அதனால ஜெர்மன்காரங்க இன்னிக்கும் வெர்னியர 'நோனியஸ்'னுதான் சொல்றாங்க. செஞ்சவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு.

மத்த மொழிகள்ல என்ன சொல்றாங்க? அத வச்சு மூலம் கண்டுபிடிக்க முடியாதா?

பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாத்துலயும் இதே வார்த்தைதான் கொஞ்சம் உச்சரிப்பு மாறி இருக்கு. பல மொழியில இருக்குறதால பொது மூலம் பழசா இருக்கும்னு பசங்க நினைக்கிறாங்க, இங்க அது தலைகீழ். இங்கிலாந்துல இருந்துதான் மத்த எல்லாருக்கும் போச்சு, அதனால அங்க தேடினாலும் திரும்ப டிக்ஸ்கிட்டதான் வந்து நிப்பீங்க.

தஞ்சாவூர் பெரிய கோயில்ல தியோடலைட் விழுந்துச்சுன்னு சொல்றாங்களே, கட்டுக்கதையா?

நடந்ததுதான், 1808ல. இது பேரு பத்தின கேள்வி இல்லதான், ஆனா கேக்காத பேட்ச் இல்ல, எனக்கும் சொல்லப் பிடிக்கும்.

இந்தியாவ முக்கோணம் போட்டு அளக்குற பெரிய சர்வேய ஆரம்பிச்ச பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ம் தேதி சென்னையில பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவுல ஏழரை மைல் அடிக்கோடு அளக்க ஆரம்பிச்சாரு, 57 நாள் ஆச்சு. முதல் கேள்வியில சொன்ன அந்த 'ஒரே ஒரு கோடு' இதுதான். கோணத்துக்கு லண்டன்ல வில்லியம் கேரி செஞ்ச தியோடலைட், வட்டம் 36 இஞ்ச், எடை அரை டன். அது கப்பல்ல வரும்போது பிரெஞ்சுக்காரங்ககிட்ட மாட்டி மொரீஷியஸுக்குப் போயி, அங்க இருந்த பிரெஞ்சு கவர்னர் இது அறிவியல் வேலைக்கான பொருள்னு மரியாதையா சென்னைக்கே அனுப்பி வச்சாரு.

காவிரி டெல்டா தட்டையான பூமி, குன்று கிடையாது, எங்க பாத்தாலும் தென்ன மரம் மறைக்கும். அதனால லாம்டன் கோபுரத்து மேல ஏறி நின்னு கோணம் பாத்தாரு. தஞ்சாவூர்ல விமானத்து மேல கருவிய ஏத்தும்போது கயிறு அறுந்து, ஆடிப் போயி கோயில்மேல மோதி, வட்டமே கோணிடுச்சு. வேற ஆளா இருந்தா வேலைய மூட்டை கட்டிருப்பான். இவரு திருச்சியில டென்ட்டுக்குள்ள உக்காந்து ஆறு வாரம், ஆப்பும் ஸ்க்ரூவும் கப்பியும் வச்சு வட்டத்த கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்து பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தாரு. அதே கருவியோடதான் வேலை தொடர்ந்துச்சு, லாம்டன் 1823ல ஹிங்கன்காட்ல சாகுற வரைக்கும் அந்த சர்வே வடக்க நோக்கிப் போயிட்டே இருந்துச்சு. அவருக்கு அடுத்து வந்தவருதான் ஜார்ஜ் எவரெஸ்ட், 'எவரெஸ்ட் தியோடலைட்'னு ஒரு சின்ன மாடலுக்கும் அவரு பேருதான்.

உச்சரிப்பு எது சரி? 'தியோடலைட்'டா 'தியாடலைட்'டா?

இங்கிலீஷ்காரங்க அழுத்தத்த ரெண்டாவது அசையில வச்சு 'தியாடலைட்' மாதிரி சொல்லுவாங்க. நம்ம ஊருல 'தியோடலைட்'னுதான் புழங்குது, சைட்ல சொன்னா எல்லாருக்கும் புரியும், அதனால யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்ல.

விவால (வாய்மொழித் தேர்வுல) வெளிய இருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "தியோடலைட் என்ற சொல்லின் மூலம் என்ன"ன்னு கேட்டா என்னத்த சொல்றது?

1571ல லெனார்ட் டிக்ஸோட 'பான்டோமெட்ரியா'வுல முதல்ல வருது, மூலம் உறுதியா தெரியல, கிரேக்கத்துல பாக்குறது, தெளிவா தெரியறதுங்கற சொற்கள்ல இருந்து வந்திருக்கலாம்னு ஒரு கருத்து, அரபு வழி வந்த அலிடேட்ல இருந்துன்னு இன்னொரு கருத்து. இவ்ளோ சொன்னா போதும், அரை நிமிஷம் ஆகும். அவரு "இல்ல தம்பி, கிரேக்கம்தான்"னு சொன்னா "ஆமா சார், அப்படியும் சொல்றாங்க"ன்னுட்டு டெம்பரரி அட்ஜஸ்ட்மென்ட் (ஒவ்வொரு இடத்துலயும் கருவிய செட் பண்றது) கேள்விக்கு ரெடியா இருங்க, மார்க்கு அதுலதான் இருக்கு.